எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பேசும் அப்பா

பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அதில் நாற்காலி இல்லாமல் இருக்கலாம், கூரை ஒழுகலாம், மணி அடிப்பவர் மாதக்கணக்கில் விடுப்பில் இருக்கலாம். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பேசும் அப்பா ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாம் சின்னப் பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருக்கும்போது அவர் மட்டும் நின்றுகொண்டிருப்பார். இடம் இல்லாமல் அல்ல. உட்கார்ந்துகொண்டு பேசினால் பொதுநலம் எடுபடாது.

"டீச்சருங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா..." என்று ஆரம்பிப்பார். அந்த 'ஆனா' உள்ளே வந்ததும் மரியாதை எழுந்து வெளியே போய்விடும். கூட்டம் கலையும்வரை திரும்பாது. முடிக்கும்போது, "நான் என் பொண்ணுக்காகச் சொல்லல. எல்லாப் பிள்ளைங்களுக்காகவும்தான் சொல்றேன்" என்பார். எல்லாப் பிள்ளைகளுக்காகவும் அவர் இதுவரை கேட்டு வாங்கியவை: அவர் மகள் உட்காரும் ஜன்னலுக்கு ஒரு திரை, அவர் மகளுக்குப் பிடிக்காத பாட்டு வகுப்பு வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு மாற்றம், அவர் மகள் வந்து இறங்கும் வாசலில் ஒரு வேகத்தடை. வேகத்தடை நல்ல காரியம், மறுக்கவில்லை. மூன்று வருடமாகச் சொட்டுத் தண்ணீர் வராத குழாயில் தண்ணீர் வந்ததும் இப்படிப்பட்ட ஒருவர் எழுதிய மனுவால்தான். அங்கேதான் சிக்கலே. ஒரு மனு பலித்துவிட்டால் பேனா சும்மா இருக்குமா?

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். மருந்து மொத்தக் கடையில் விற்பனை மேலாளர். ஆசிரியர் அறையில் அவருக்கு 'மனு அப்பா' என்று பெயர். மகள் ஐந்தாம் வகுப்பு. வாயாடி. ஒரு காலில் செருப்பு இருக்கும்போதே அன்றைய பள்ளிக்கூடம் முழுவதையும் வாசலில் கொட்டிவிடுவாள்.

அவளுக்குக் கணக்கு டீச்சர் என்றால் உயிர். அந்த டீச்சர் தினமும் கரும்பலகையில் ஒரு கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போடுவார். "திருடன் ஒளிஞ்சிருக்கான், பிடிங்க பார்க்கலாம்" என்பார். தப்பைப் பிடிக்கும் பிள்ளை, "திருடன்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் சாக்பீஸை வாங்கித் திருத்த வேண்டும். கணக்கு என்றால் வயிற்றுவலி வரும் பிள்ளைகள்கூட அந்த வகுப்பில் பலகையைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

ஒரு நாள் திருடனை மகள் பிடித்தாள். வீட்டுக்குப் பறந்து வந்தாள்.

"அப்பா, இன்னைக்கு டீச்சர் போர்டுல தப்பாப் போட்டாங்க! நான்தான் கண்டுபிடிச்சேன்! அது வந்து..."

"என்ன தப்பு?"

"அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா அஞ்சுல ரெண்டுன்னு எழுதினாங்க. எதுக்குன்னா..."

"எதுக்கா? தெரியாததுக்கு!"

"ஏங்க, அவளை முழுசாச் சொல்ல விடுங்களேன்" என்றார் மனைவி, உள்ளே இருந்து.

"கேட்டவரைக்கும் போதும்" என்று சொல்லி அவர் பேனாவைத் தேடினார்.

மறுநாள் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று கையெழுத்து வாங்கினார். "எதுக்கு சார் இது?" என்று கேட்டவர்களுக்கு, "நம்ம பிள்ளைங்க நல்லதுக்கு" என்றார். அதற்குமேல் யார் கேட்பார்கள்? நாற்பத்தொரு கையெழுத்து. அதில் ஒருவர் பஸ் விஷயம் என்று நினைத்துப் போட்டவர்.

தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், அது பிள்ளைங்களை யோசிக்க வைக்கறதுக்காக வேணும்னே போடற தப்பு."

"வேணும்னே தப்பு பண்றாங்கன்னு நீங்களே ஒத்துக்கறீங்க" என்றார் மனு அப்பா. "இதையும் சேர்த்துக்கறேன்."

மேலிடத்தில் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்தார்கள். எண்ணுவது சுலபம். கணக்கு டீச்சருக்கு இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவில் பெற்றோர் சார்பாகப் பேசியவர் மனு அப்பாதான். வேறு யாருக்கு அவ்வளவு நன்றாகப் பேச வரும்? "இப்படி ஒரு ஆசிரியர் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார். கைதட்டினார்கள்.

மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். டீச்சரே தேடிக்கொண்டு போனார்.

"என்னம்மா, என்கிட்ட பேச மாட்டியா?"

"நான் சும்மாதான் டீச்சர் வீட்டுல சொன்னேன்."

"தெரியும்டா. சந்தோஷமாத்தான் சொல்லியிருப்பே."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

டீச்சருக்குப் பதிலாக வேறு யாரும் வரவில்லை. ஏழு வாரம் கணக்கு வகுப்பில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். மனு அப்பா கொதித்துப்போனார். 'கணக்கு ஆசிரியர் இல்லாமல் எங்கள் குழந்தைகளின் எதிர்காலம் பாழாவதற்கு யார் பொறுப்பு?' என்று காரசாரமாக ஒரு மனு எழுதினார். அதை வாங்கிப் படித்த தலைமையாசிரியை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், "அதுவரைக்கும் நீங்களே வந்து ஒரு வகுப்பு எடுங்களேன், சார்" என்றார்.

எடுத்தார். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். முக்காலிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழிப்பது எப்படி என்று விளக்கினார். மேலே இருந்ததில் மேலே இருந்ததையும், கீழே இருந்ததில் கீழே இருந்ததையும் கழித்தார். முக்காலில் கொஞ்சம் போக மீதி இரண்டு என்று விடை வந்தது. அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

வகுப்பு பலகையை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தது. பிறகு ஏழு வாரமாகக் காய்ந்துகிடந்த முப்பத்தெட்டு வாய்களும் ஒரே நேரத்தில் ஆனந்தமாகக் கத்தின:

"திருடன்! திருடன்!"

முதல் பெஞ்சுப் பெண் சாக்பீஸ் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். கத்தாமல் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனு அப்பா சாக்பீஸைக் கொடுக்கவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். அன்று எழுதிய மனு, மாணவர்களின் ஒழுக்கம் பற்றியது. பாடத்திட்டம் பற்றி ஒரு பத்தியும் சேர்த்திருந்தார்.

அடுத்த பருவத்தில் புது ஆசிரியர் வந்தார். புத்தகத்தில் இருப்பதைப் பலகையில் எழுதுவார், பலகையில் இருப்பதை அழிப்பார். ஒரு புள்ளிகூடத் தப்பாது. மனு அப்பாவுக்குப் பரம திருப்தி. மாலையில் மகள் வருவாள், இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைப்பாள்.

"ஸ்கூல்ல இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலப்பா."

"பாத்தியா?" என்பார் மனைவியிடம். "இப்பதான் ஸ்கூல் ஒழுங்கா நடக்குது."

மனைவி மகளின் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுப்பார். பாதி அப்படியே இருக்கும்.

இதைப் படிக்கும் உங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். எல்லோருக்கும் அடுத்த தெருதான் நினைவுக்கு வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை நேற்று உங்களிடம் எத்தனை வாக்கியம் பேசியது? முழு வாக்கியங்களை மட்டும் எண்ணிச் சொல்லுங்கள். சரியாக நினைவில்லையா? பரவாயில்லை. பிள்ளை பேசாமல் போனதற்கும் பள்ளிக்கூடம்தான் காரணம், அடுத்த கூட்டத்தில் இதை எழுந்து கேட்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தோன்றியிருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள், சார். இவ்வளவு நேரம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.