டெயரிக்கி தீவை வலம் வந்த கதை

டெயரிக்கி காலையில் பலகாரத்தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது, அவன் மனைவி மோயிரோவா அளவு நாடாவோடு வந்து அவனைத் தோளிலிருந்து கணுக்கால்வரை அளந்தாள். பிறகு குறுக்கே அளந்தாள். நாடா போதவில்லை.

“சட்டையா தைக்கப்போற?” என்றான் ஆசையாக, இன்னொரு ஃபிரிட்டியை வாயில் போட்டபடி. தேங்காய்ப்பாலில் பிசைந்து எண்ணெயில் பொரித்த மாவு வளையம் அது. அதற்காகத் தன் படகையே எழுதிக் கொடுக்கக்கூடியவன்.

“சட்டை இல்லீங்க. டிவைவை.”

மென்ற வாய் நின்றது. டிவைவை என்பது எங்கள் ராரோடோங்கா தீவுப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தைக்கும் பூப்போர்வை. கல்யாணத்துக்குக் கொடுப்பார்கள். செத்தவர்களைச் சுற்றிப் புதைப்பதும் அதில்தான். டெயரிக்கிக்குக் கல்யாணம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

“அடியே, எனக்கா?”

“கால் மரத்துப்போகுதுன்னு சொன்னீங்கல்ல? சர்க்கரை ஏறிட்டே போகுதுன்னு நர்ஸம்மா திட்டுறாங்க. எங்கப்பாவும் இந்த வயசுலதான் போனாரு. அவசரத்துல கடைத்துணியச் சுத்தி அனுப்பினோம். இன்னும் மனசு ஆறல எனக்கு. உங்களுக்காவது நல்லதா ஒண்ணு தைச்சு வைக்கிறேன்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “குறுக்குக்குத்தான் துணி பத்தாது போல.”

அந்த நேரம் பார்த்து அவன் நண்பன் டிப்போக்கி உள்ளே வந்தான். முதலில் அவன் மார்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மீதி வந்தது. ஆக்லாந்தில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அவன் பேச்சைக் கேட்டு ஒரு நொண்டிச் சேவல் எழுந்து ஓடியதாக எங்கள் நீக்காவோ கிராமத்தில் சொல்வார்கள். ஓடியதை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சேவலை எனக்குத் தெரியும்.

“டேய் டெயரிக்கி! உனக்குள்ள ஒரு புலி தூங்குதுடா!”

“தூங்கட்டும்டா, பாவம்.”

“எழுப்பு! முடியும்னு நெனச்சா முடியும்! என்னைப் பாரு!”

“பாத்துட்டுத்தான இருக்கேன். வேற எதையும் பாக்கவிடாம நிக்கிறியே!”

டிப்போக்கி மோயிரோவா பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினான். “தங்கச்சி, நான் வாக்குக் குடுக்கறேன். இவன் சனிக்கிழமை தவறாம, தீவை முழுசா நடந்தே வலம் வருவான்!”

டெயரிக்கியின் கால்களுக்காக டிப்போக்கியின் வாய் சத்தியம் செய்தது. மோயிரோவா அளவு நாடாவைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்தபிறகு அவன் தலையாட்டிவிட்டான்.

சனிக்கிழமை விடிந்ததும் கையை வீசிக் கிளம்பினான். முதல் வளைவு வரைக்கும் புலிதான். வளைவைத் தாண்டியதும் மூளை வேலை செய்தது. தீவைச் சுற்றி இருப்பது ஒரே சாலை. வலமாகப் போகிறவன் இடப்பக்கமாக வீடு வந்து சேர்ந்தால் தீவைச் சுற்றிவிட்டான் என்று அர்த்தம். நடுவில் என்ன செய்தான் என்று யாருக்குத் தெரியும்? அந்தச் சாலையில் வலமாக ஒரு பஸ், இடமாக ஒரு பஸ், நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வலமாகப் போகும் பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.

தீவின் நேர் எதிர்ப்பக்கம், டிட்டிகவேக்காவில் இறங்கினான். கடைக்காரம்மாவிடம் ஒரு பை நிறைய ஃபிரிட்டி. மரத்தடியில் தூக்கம். பிற்பகல் அதே பஸ். வீட்டுக்கு முந்தைய வளைவில் இறங்கிக் கடலில் ஒரு முழுக்குப் போட்டு, மூச்சிரைக்க வாசலில் வந்து விழுந்தான்.

“ஐயோ, எவ்ளோ வேர்வை!” மோயிரோவா துண்டால் துடைத்தாள். துண்டை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறிவிப்பு நேரத்தில் டிப்போக்கி எழுந்து மார்பை விரித்தான். “என் நண்பன் தீவையே நடந்து முடிச்சுட்டான்! தூண்டிவிட்டது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்!” என்று தன்னையே தட்டிக் காட்டினான். சபை கைதட்டியது. நடந்து போகிறவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்ளாமல் போவது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக்குறைவு. மோயிரோவா மெதுவாக எழுந்தாள்.

“ஒரே ஒரு வேண்டுகோள். பாசத்துல யாரும் அவரை வண்டில ஏத்தி அவர் விரதத்தைக் கெடுத்துடாதீங்க.”

எல்லோரும் ஆமென் என்றார்கள். டெயரிக்கியும் சொன்னான். பஸ்ஸைத்தான் அவள் சொல்லவில்லையே!

அடுத்த சனிக்கிழமையும் எல்லாம் ஒழுங்காக நடந்தது, பிற்பகல் பஸ் வரும்வரை. ஏறி, ஃபிரிட்டிப் பையை ஜன்னலோர இருக்கையில் வைத்தான். பஸ் நாலடி போய் இருமி நின்றது.

“மச்சான், இஞ்சின் மக்கர் பண்ணுது. எறங்கிக் கொஞ்சம் தள்ளு,” என்றான் ஓட்டுநர் துராங்கி.

டெயரிக்கி தள்ளினான். பஸ் கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை.

“டேய்! துராங்கி! பை! என் பை!”

அப்போதுதான் ஞாபகம் வந்தது, துராங்கி மோயிரோவாவின் பெரியம்மா மகன். இந்தப்பக்கம் போனாலும் பாதித் தீவு, அந்தப்பக்கம் போனாலும் பாதித் தீவு. பஸ் போன வழியே நடந்தான். ஸ்கூட்டர் வந்தது, கையைக் காட்டினான். ஸ்கூட்டரில் இருந்தவரும் கையைக் காட்டிவிட்டுப் போனார். “நடங்க, நடங்க! ஆண்டவர் கூட வருவாரு!” என்று ஒரு லாரி வாழ்த்தியது. ஆண்டவருக்குப் பதிலாக டிப்போக்கி வந்தான், ஸ்கூட்டரில்.

“புலி முழிச்சிருச்சுடா!”

“டேய், கால் வெந்துபோச்சுடா. பின்னாடி ஏத்திக்கடா!”

“அப்படிக் கேக்கறது நீ இல்லடா. உன் சோம்பேறித்தனம். அதுக்கு நான் எடம் குடுக்க மாட்டேன்!”

புகையை விட்டுப் போய்விட்டான். செருப்பைக் கழற்றி எறிந்தான் டெயரிக்கி. பிறகு தானே போய்ப் பொறுக்கிக்கொண்டான்.

அதற்குள் பஸ் ஒரு சுற்றை முடித்துப் பின்னாலிருந்து வந்தது. கைகூப்பிச் சாலை நடுவே நின்றான். பஸ் வேகம் குறைந்தது. ஜன்னலோரத்தில், பெரிய ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு, மோயிரோவா. கையில் அவனுடைய ஃபிரிட்டி.

“கையை நல்லா வீசி நடங்க!” என்றாள் மென்றுகொண்டே. பஸ் அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மோயிரோவா அவன் பாதங்களை வெந்நீரில் வைத்து, முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

“போன வாரம் துண்டுல கடல்பாசி ஒட்டிருந்துச்சு,” என்றாள். “இது நிஜ வேர்வை.”

அவன் தலை தொங்கியது. தைக்கத் தொடங்கியிருந்த டிவைவையை அவள் மடித்துப் பெட்டியின் அடியில் வைப்பதைப் பார்த்ததும் கண்கூடக் கலங்கியது. ஆனாலும் மூளை சும்மா இருக்குமா? அடுத்த சனிக்கிழமை இடப்பக்கமாகக் கிளம்பினால், எதிர்ச்சுற்று பஸ்...

“எடப்பக்கமா கெளம்பலாம்னு யோசிக்காதீங்க,” என்றாள் மோயிரோவா, பெட்டியைப் பூட்டியபடி. “அந்த பஸ்ஸை ஓட்டறது துராங்கியோட பொண்டாட்டி.”