இருபதாவது தும்மல்

பெண் பார்க்கப் போகிறவர்கள் எதையாவது மறைத்துக்கொண்டுதான் போவார்கள். சிலர் வழுக்கையை, சிலர் சம்பளத்தை. நான் மறைத்தது என் இளைப்பை. (வழுக்கை அப்போது இல்லை. இருந்திருந்தால் அதையும் மறைத்திருப்பேன்.)

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் கிளார்க். மூச்சு வாங்கும்போதெல்லாம் களிமண் தூசி மேல் பழியைப் போட்டுவிடுவேன். ஊரைத் தாண்டினால் சுத்தமான காற்று, நமக்கு ஒன்றும் ஆகாது என்று திடமாக நம்பினேன். அதனால் கம்மாபுரம் பக்கம் பெண் பார்க்கக் கிளம்பிய அந்த மாசி மாதக் காலையில் மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். காற்று சரியில்லை என்று எச்சரிக்க அன்றைக்கு செல்போனும் கிடையாது.

பெண் வீட்டைச் சுற்றி முந்திரித் தோப்பு. மரமெல்லாம் பூ. மரியாதைக்காக, காற்று வரட்டும் என்று என்னை ஜன்னலோரமாக உட்கார வைத்தார்கள். பெண் காபி கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கியதும் தும்மினேன். காபியில் பாதி என் சட்டையில், மீதி அவள் அப்பாவின் வேட்டியில்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நல்ல காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டை என்றால் நல்லது என்பார்கள். நான் தும்மிக்கொண்டே இருந்ததால் பெண்ணின் அத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒரு வழியாகத் தும்மல் நின்று, மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"பத்தொம்போது. ஒத்தப்படையில நிக்கிது," என்றார் அத்தை. "இந்த எடம் வேணாண்ணே."

கூடமே என் மூக்கைப் பார்த்தது. நானும் முக்கிப் பார்த்தேன். வரவில்லை.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது. "அப்பா, மொதல்ல ஜன்னல சாத்துங்க. முந்திரிப் பூத்தூளு வருது. அவங்களுக்கு இளைப்பு இருக்குதான்னு கேளுங்க."

"அதெல்லாம் இல்லீங்க, கம்பெனி தூசிதான்," என்றார் என் அம்மா.

இத்தனை கூத்திலும் என் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டவள் அவள் ஒருத்திதான். அவளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. "இருக்குதுங்க. சின்ன வயசிலேர்ந்து," என்றேன். அம்மா பார்த்த பார்வையில் ஒரு சூளைக் கோப்பைகளை வேகவைத்திருக்கலாம்.

ஜன்னல் சாத்தியதும் மூச்சு கொஞ்சம் அடங்கியது. அவள் தட்டில் வெந்நீர் கொண்டுவந்தாள். டம்ளருக்குப் பின்னால், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு முந்திரிப் பூங்கொத்து. குனிந்தேன். தட்டின் மேலேயே தும்மினேன்.

"இருவது," என்று அத்தை விரலை மடக்கினார். வெற்றிலை பாக்கு வந்தது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று பிற்பாடு கேட்டேன். "கேட்டதும் உண்மைய சொன்னீங்கல்ல," என்றாள்.

ஐம்பது வருஷமாக, தை மாதம் ஆனால், "முந்திரி பூத்துடுச்சி, வெளிய போவாதீங்க" என்று எச்சரிக்கை வந்துவிடும். பேரனின் செல்போன் அதற்கப்புறம்தான் விழித்துக்கொள்ளும். இன்றைக்கு நான் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது அவள் தயவில்தான். வீட்டில் யாராவது ஒற்றையாகத் தும்மிவிட்டு நிறுத்தினால், எல்லோரும் அவள் பக்கம் திரும்பி, "தட்டு எங்க?" என்று கேட்பார்கள்.