பதினோரு பொத்தான்களும் ஒரு வரையறையும்

உலகத்தில் நியாயம் கிடைக்காமல் போவதற்கு ஒரே காரணம், அதற்கு யாரும் சரியான வரையறை எழுதி வைக்காததுதான். அந்தப் பெருங்குறையை எங்கள் அலுவலகம் ஆறே கூட்டங்களில் தீர்த்து வைத்தது. ‘மாற்றுத்திறனாளிகளுக்குத் தகவல் தொழில்நுட்பத்தில் சமமான அணுகல் வரையறைக் குழு’வின் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. குழுவின் பெயரை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

விஷயம் சின்னது. எங்கள் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குக் கண் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக அலுவலகத்தின் நானூறு எக்ஸ்டென்ஷன் எண்களும் அவர் நுனிநாக்கில். ஹெட்போனை மாட்டிக்கொண்டால், திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருளை வைத்து எங்களைவிட வேகமாகக் கணினியில் வேலை செய்வார். அவருடைய பிரிவில் மேற்பார்வையாளர் பதவி காலியானது. ஒரே இடம். விண்ணப்பத்தைப் புதிய இணையப் பக்கத்தில்தான் போட வேண்டும். கடைசி நாள் மாத முடிவு. இதை விட்டால் அடுத்த காலியிடத்துக்கு முன் அக்கா ஓய்வு பெற்றுவிடுவார்.

அக்கா பக்கத்தைத் திறந்தார். குரல் வாசித்தது: “பொத்தான். பொத்தான். பொத்தான்.” இப்படிப் பதினோரு தடவை. எது ‘சமர்ப்பி’, எது ‘அழி’ என்று அது சொல்லவில்லை. துணிந்து ஒன்றை அழுத்தினார். அதுவரை நிரப்பியதெல்லாம் போயே போய்விட்டது.

நேராகக் கணினிப் பிரிவுத் தலைவரிடம் போனார்.

“சார், பதினோரு பிள்ளை பெத்துட்டு ஒண்ணுக்குக்கூடப் பேர் வைக்காம விட்டிருக்கீங்க.”

“அரை மணி நேர வேலைம்மா. ஒவ்வொரு பொத்தானுக்குள்ளயும் பேரை எழுதிவிட்டா உங்க மென்பொருள் படிச்சிடும். ஆனா சமமான அணுகல்னா என்னன்னு மேலருந்து எழுத்துல வரட்டும். நாளைக்கு ‘யாரைக் கேட்டுப் பேர் வெச்சே’ன்னு கேட்டா நான் எங்க போவேன்?”

எப்பேர்ப்பட்ட பொறுப்புணர்வு! அதிலிருந்துதான் குழு பிறந்தது. இயக்குநர் தலைவர். சட்ட ஆலோசகரும் கணினிப் பிரிவுத் தலைவரும் உறுப்பினர்கள். ‘பார்வைக் குறைபாடுடையோர் பிரதிநிதி’யாக நூலகரைப் போட்டார்கள்.

“சார், எனக்கு வெறும் கிட்டப்பார்வைதான்.”

“அடக்கமெல்லாம் வேண்டாங்க. கண்ணாடி எவ்வளவு தடிமன்!”

அக்காவைச் சேர்க்கவில்லை. கூட்டம் நடக்கும் நேரத்தில் போன் எடுக்க ஆள் வேண்டும் அல்லவா?

முதல் இரண்டு கூட்டங்கள் ‘சமமான’ என்ற சொல்லுக்குப் போயின. மூன்றாவதில் ‘அணுகல்’ வந்தது.

“கதவைத் தட்டுறது அணுகலா, கதவு திறக்கிறது அணுகலா?” என்று சட்ட ஆலோசகர் கேட்டார்.

“இதுல கதவு எங்கய்யா வந்துச்சு?” என்றார் இயக்குநர்.

“உவமை சார்.”

“உவமைக்கெல்லாம் நாளைக்கு யார் பதில் சொல்றது? குறிப்புல போடாதீங்க.”

ஒவ்வொரு கூட்டத்திலும் கணினிப் பிரிவுத் தலைவர், “அரை மணி நேர வேலைதான் சார்” என்று முனகுவார். நான் அதை ‘தொழில்நுட்ப அம்சங்கள் விரிவாக ஆராயப்பட்டன’ என்று எழுதிக்கொள்வேன்.

நான்காவது கூட்டத்துக்கு அக்காவை அழைத்தார்கள்.

“உங்க வலியைக் குழு புரிஞ்சுக்க விரும்புதும்மா,” என்றார் இயக்குநர்.

“வலியெல்லாம் ஒண்ணுமில்ல சார். பொத்தானுக்குப் பேர் வேணும், அவ்வளவுதான்.”

“கூச்சப்படாம சொல்லுங்க.”

“பேர் வேணும் சார்.”

‘பாதிக்கப்பட்டவர் மனம் திறந்து பேசினார்’ என்று எழுதினேன்.

ஐந்தாவது கூட்டம் வரலாற்றுச் சிறப்பு மிக்கது. அந்தச் சிரமத்தைத் தாமே அனுபவித்துப் பார்க்க இயக்குநர் முடிவு செய்தார். அக்காவை நிற்க வைத்துக்கொண்டு, தம் கைக்குட்டையால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார். கணினி பேச ஆரம்பித்தது.

“யாருய்யா அது, கூட்டத்துல குறுக்கப் பேசுறது?”

“திரையைப் படிக்கிற மென்பொருள் சார்.”

“நிறுத்தச் சொல்லுங்க. மனுஷன் கவனமா இருக்க வேண்டாமா?”

நிறுத்தினார்கள். இயக்குநர் பத்து நிமிடம் திரையைத் தடவினார். நூலகரின் தண்ணீர் டம்ளரைச் சமர்ப்பித்தார். அது சட்ட ஆலோசகர் மடியில் போய்ச் சேர்ந்தது. கட்டை அவிழ்த்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ஐயோ, ஒண்ணுமே முடியலையே! இந்தக் கொடுமையை இந்தம்மா மேல சுமத்தலாமா? நமக்கெல்லாம் ஈவிரக்கம் இல்லையா?”

“சார், கண்ணைக் கட்டுனதோட காதையும் அடைச்சிட்டீங்க,” என்றார் அக்கா. “எனக்குக் கண்ணுதான் தெரியாது.”

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. நாங்களே ஆடிப்போயிருக்கோம்.”

மாதக் கடைசி நாள் மதியம் அக்கா என் மேசைக்கு வந்தார். “தம்பி, பக்கத்துல நின்னு எது எந்தப் பொத்தான்னு மட்டும் சொல்லேன். நானே அழுத்திக்கிறேன். இன்னிக்கு விட்டா போச்சு.”

“குழு முடிவு வரட்டும்க்கா,” என்றேன். குறிப்பு எழுதுபவன் நடுநிலை தவறலாமா?

ஆறாவது கூட்டத்தின் முடிவு நான்கு மணிக்கு வந்தது. ‘சமமான அணுகல் என்பது, அணுகுவதால் நேரும் சிரமத்திலிருந்து சம்பந்தப்பட்டவரைக் கண்ணியத்துடன் விடுவிப்பதாகும்.’ எல்லோரும் கைதட்டினார்கள். ஐந்து மணிக்கு இணையப் பக்கம் மூடியது. அக்கா கண்ணியத்துடன் விடுவிக்கப்பட்டார்.

மறுவாரம் நேர்காணல். டெலிபோன் போர்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. “சமமான அணுகல்னா என்ன?” என்று மட்டும் இயக்குநர் கேட்டார். வந்திருந்தவர் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். உடனே பதவியைக் கொடுத்துவிட்டார்கள். போட்டிக்கு வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்திருந்தது.

குழுவின் முதல் கூட்டம் நடந்த அன்றே நான் போட்டது அது. நான்கு நிமிடம் பிடித்தது. ‘சமர்ப்பி’ ஏழாவது பொத்தான். அதை அக்காவிடம் சொல்ல ஒரு வினாடிகூட ஆகியிருக்காது.