சரோஜம்மாள் வீட்டு எலி

சரோஜம்மாளின் வலது கை எலிப் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டபோது மணி சரியாகப் பதினொன்று. அட்டை காரின் பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தது. கார் ஷெட்டில் இருந்தது. ஷெட் சரோஜம்மாளுடையது, கார் அவளுடையதல்ல. காரின் சொந்தக்காரன் கௌதம், அவள் வீட்டு மாடி அறையில் குடியிருப்பவன், முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவான். அதற்குள் கையை விடுவித்தாக வேண்டும்.

இடது கையால் அட்டையைப் பிடித்து இழுத்தாள். இடது கையும் ஒட்டிக்கொண்டது. அட்டையைப் பம்பரில் வைத்து முழங்கையால் அழுத்திப் பார்த்தாள். பச்சைப் புடவை முந்தானையும் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு கைகளையும் குவித்துக் கும்பிட்ட கோலத்தில் அவள் ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது, மாட்டுக்குக் கழுநீர் எடுக்க வந்த பால்காரி நாராயணம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அய்யோ தேவுடா! எந்தச் சாமிக்கும்மா இந்தக் கும்பிடு?"

"வாயை மூடிட்டு உள்ள போயி தேங்காயெண்ணெய் எடுத்துட்டு வா."

"எலிக்கு வெச்சதுல நீங்க எப்பிடிம்மா மாட்டுனீங்க?"

"அலமாரி தொடைக்கப் போனேன்."

"அலமாரி எப்பம்மா கார் ஷெட்டுக்குப் போச்சு?"

எண்ணெய் போதாமல் மண்ணெண்ணெய் வந்தது. மண்ணெண்ணெயும் போதாமல் கடைசியில் அரிவாள்மனை வந்து, முந்தானையில் ஒரு சாண் போயிற்று. இரண்டரை மணிக்குக் கைகள் விடுதலையாயின. அட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, பேட்டரி ஒயரையும் மறக்காமல் கழற்றிவிட்டு வந்தாள். போன வேலையை முடிக்காமல் திரும்புகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

இந்த வேலையை அவள் ஆடி மாதத்திலிருந்து செய்துகொண்டிருக்கிறாள்.

கௌதம் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். முப்பத்தொரு வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன். ஒன்றரை வருடத்துக்கு முன் இரண்டு பைகளோடும், லாரியில் ஏற்றிய ஒரு இன்ஜின் இல்லாத காரோடும் வந்து வாடகைக்கு இடம் கேட்டான். ஒரு பழைய சின்னக் காரின் கூரையை வெட்டி, பின்சீட்டைப் பிடுங்கி, தரையோடு தரையாக இறக்கி, இரண்டே பேர் உட்காரும்படி செய்திருந்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றான். தெருவில் யாரும் நம்பவில்லை. பிறகு கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் நொறுங்கிப்போன ஒரு பெரிய காரின் இன்ஜினைப் பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கி வந்து இதில் இறக்கினான். இன்ஜின் பெரியது, இடம் சிறியது. பானெட் மூடவில்லை. பானெட்டின் நடுவில் வட்டமாக வெட்டி, சரோஜம்மாளின் இட்லி அண்டா மூடியைக் கேட்டு வாங்கி அதன்மேல் கவிழ்த்து வெல்டிங் வைத்துவிட்டான். அன்று முதல் தெருவில் அது அண்டா மூடிக் கார்.

குடிவந்த அன்றே சொல்லியிருந்தான்: "வண்டி நல்லா ஓடிருச்சின்னா இதுலயே ஊருக்குக் கெளம்பிருவேன்மா. அப்பா அங்கனயே ஒரு மில்லுல வேலை பேசி வச்சிருக்காக."

ஆடிப் பதினெட்டு அன்று இன்ஜின் முதல்முறையாக உறுமியது. தெரு நாய்கள் சிப்காட் வரைக்கும் ஓடின. முகமெல்லாம் கிரீஸாக அவன் சிரித்தான். "அடுத்த வாரம் கெளம்பிருவேன்மா!"

"நல்லதுப்பா" என்றாள் சரோஜம்மாள். அன்றைக்கு ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

மறுநாள் அண்டா மூடி எந்த நிலைமையில் இருக்கிறது என்று பார்க்கத்தான் ஷெட்டுக்குப் போனாள். கைக்கு எட்டின ஒரு ஒயரைச் சும்மா இழுத்துப் பார்த்தாள். அது சும்மாவே வந்துவிட்டது. திரும்ப மாட்டத் தெரியவில்லை என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது பாதிதான் உண்மை.

அன்று சாயங்காலம் வண்டி கிளம்பவில்லை. அதுவரை வேலை முடிந்து வந்தால் வண்டியும் அவனுமாக இருந்தவன், முதல்முறையாகக் குரல் கொடுத்தான். "அம்மா, கொஞ்சம் டார்ச்சைப் பிடிங்களேன்."

மூன்று மணி நேரம் டார்ச் பிடித்தாள். கை கடுத்தது. கணவர் முனிராஜ் போய் மூன்று வருடம். நிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தாயிற்று. மகன் ஜெகதீஷ் பெங்களூரில், நாற்பது கிலோமீட்டரில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்து நாலு நிமிடம் நெற்றியை மட்டும் காட்டுவான். இந்த மூன்று வருடத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி அவளை யாரும் கேட்டதில்லை. அன்றிரவு சரோஜம்மாள் கை வலியோடு, அத்தனை சந்தோஷமாகத் தூங்கினாள்.

அதன்பின் அது வழக்கமாகிவிட்டது. காலை பதினொரு மணி அவளுடைய ஷிப்ட். மாலை நாலிலிருந்து எட்டு வரை அவனுடையது. ஒரு நாள் ஒயர், ஒரு நாள் ரப்பர் டியூப். இரவு எட்டு மணிக்கு அவன் கண்டுபிடித்து மாட்டுவான், இன்ஜின் உறுமும், நாய்கள் ஓடும், மறுநாள் வண்டி மறுபடி படுத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அவள் ஒன்றைக் கழற்றினால் அவன் காரணம் தேடி நாலைக் கழற்றினான். கழற்றினவன் சும்மா விடுவானா? துடைத்தான், தேய்ந்ததை மாற்றினான், ரேடியேட்டரைப் புதிதாக வைத்தான். அவள் கெடுக்கக் கெடுக்க வண்டி நன்றாகிக்கொண்டே போனது. பயந்துபோனவள், ஒரு நாள் இழுத்தும் வராத டியூபை அரிவாள்மனையில் வைத்து ஒரு கீறு கீறினாள். கௌதம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலிம்மா" என்றான். அப்படி வந்ததுதான் அந்தப் பசை அட்டை.

அவள் கை ஒட்டிக்கொண்ட அன்று மாலை அவன் அட்டையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தான். அதில் எலி இல்லை. பச்சை நூல் நாலைந்து இருந்தது. பக்கத்தில் டார்ச்சோடு நின்ற சரோஜம்மாள்மேல் மண்ணெண்ணெய் மணத்தது.

"எலி மாட்டலயாப்பா?"

"இல்லம்மா." எல்லா அட்டைகளையும் பொறுக்கிக் குப்பையில் போட்டான். "வேண்டாம்மா. எலியும் ஒரு சீவன்தான, பாவம்."

இப்படி ஒரு வெள்ளந்தி இந்த உலகத்தில் எப்படிப் பிழைக்கப் போகிறானோ என்று அவள் கவலைப்பட்டாள். கத்திக்கொண்டிருந்த ஷெட் கதவுக்குக்கூட அவன் அந்த வாரம் எண்ணெய் விட்டான். அதுவும் அவளுக்குத்தான் வசதியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கௌதமோடு வேலை செய்யும் ராஜ்குமார் வந்தான். பர்கூர்க்காரன். வந்ததுமே ஒரு சார்ட் பேப்பரை ஷெட் சுவரில் ஒட்டி ஐந்து கட்டம் போட்டான்.

"எங்க கம்பெனில எந்த மிஷின் நின்னாலும் அஞ்சு தடவ ஏன்னு கேக்கணுங்கம்மா. அஞ்சாவது ஏன்ல உண்மை வெளிய வந்துரும்" என்று சரோஜம்மாளுக்கு விளக்கினான். அவள் டீயோடு நின்றிருந்தாள்.

வண்டி ஏன் ஓடவில்லை? டியூப் கழன்றதால். டியூப் ஏன் கழன்றது? பிடிமானம் இல்லாததால். இப்படியே நாலு கட்டம் நிரம்பியது. ஐந்தாவதில் பேனாவை வைத்துக்கொண்டு ராஜ்குமார் யோசித்தான்.

"டேய், நீ வீட்டுல இருக்கற ஞாயித்துக்கெழம மட்டும் ஏன்டா எலி வர்றதில்ல?"

டீ டம்ளர் சரோஜம்மாளின் கையிலிருந்து நழுவியது.

"எலிக்கும் வார லீவு உண்டுல்ல" என்றான் கௌதம். பேனாவைப் பிடுங்கி மூடியைப் போட்டுவிட்டான். ஐந்தாவது கட்டம் காலியாகவே நின்றது.

ராஜ்குமார் விடவில்லை. போகிறபோது டியூபுக்கெல்லாம் இரும்புக் கிளிப் போட்டு, ஸ்குரூவை மூச்சைப் பிடித்து முறுக்கிவிட்டுப் போனான். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அந்தக் கிளிப்போடு மல்லுக்கட்டியதில் சரோஜம்மாளின் கட்டைவிரல் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"என்னம்மா கையில கட்டு?" என்றான் கௌதம்.

"பூசணிக்கா நறுக்கினேன்."

சொல்லிவிட்ட பாவத்துக்கு அன்றைக்குப் பூசணிக்காய்க் குழம்பு வைக்க வேண்டியதாயிற்று. அவளுக்குப் பூசணிக்காயே ஆகாது. அவன் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் போட்டதை எதிரில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

மறுநாள் முதல் கிளிப் விரலால் திருகினாலே கழன்று வந்தது. தொழில் கை பழகிவிட்டது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அந்தச் சமயத்தில் அவளுக்கு இருந்த ஒரே குறை நாராயணம்மாதான். காலைப் பால் தினமும் கால் மணி நேரம் தாமதம். கேட்டால் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"நீ மாட்டைக் கறக்கறயா, மாடு உன்னைக் கறக்குதா?" என்று சரோஜம்மாள் திட்டுவாள். நாராயணம்மா வாயைத் திறந்து, எதையோ நினைத்து, மூடிக்கொள்வாள்.

கார்த்திகை மாதக் குளிரில் ஒரு மாலை. டார்ச்சோடு போன சரோஜம்மாள், கௌதம் வேலை எதுவும் செய்யாமல் காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். செல்போன் மடியில் கிடந்தது.

"என்னப்பா?"

"உள்ள வந்து உக்காருங்கம்மா."

ஒன்றரை வருடத்தில் அந்த இரண்டாவது சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை. குனிந்து, முனகி, உள்ளே இறங்கினாள். அவன் பழக்கதோஷத்தில் பெல்ட்டைப் போட்டுவிட்டான். நின்றுகொண்டிருக்கும் காரில் இருவரும் பெல்ட் போட்டுக்கொண்டு ஷெட் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா பேசுனாக. தையில இருந்து மில்லுல வேலைக்குச் சேரணுமாம். வண்டி ஓடலைன்னா அதத் தூக்கிப் போட்டுட்டு ரயில் ஏறி வரச் சொல்றாக."

ரயில் இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள். நாலு மாதமாக உயிரைக் கொடுத்து ஒரு காரை நிறுத்தி வைத்தவளால் ரயிலை என்ன செய்ய முடியும்?

"நீ என்ன சொன்ன?"

"வண்டி இன்னும் ரெடியாகலன்னு சொன்னேன்."

"ரெடியானா?"

"ரெடியானா கெளம்பித்தானம்மா ஆகணும்" என்று சொல்லி அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வண்டியை விட்டுப் பிரிய வேண்டுமே என்றுதான் இந்தக் கலக்கம். ஆளில்லாத ஊரில் ஒண்டியாக உட்கார்ந்து, இரும்புக் கடையில் பொறுக்கிப் பொறுக்கி ஒரு வண்டியைக் கட்டினவன். அது ஓடாததற்குக் காரணம் எலியா? பாவி, நான்தானே! எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் ஆசையைத் தினமும் ஒயர் ஒயராகப் பிடுங்கியிருக்கிறேனே. போகிறவன் தன் வண்டியிலேயே, சத்தம் போட்டுக்கொண்டு, நாயெல்லாம் ஓடும்படி போகட்டும்.

அன்றிரவு எட்டு மணிக்கு அவன் டியூபை மாட்டி முடித்ததை டார்ச் வெளிச்சத்தில் அவளே பார்த்தாள். இனி அதைத் தொடுவதில்லை என்று அண்டா மூடியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டாள். அதோடு நிற்கவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, கம்பெனி பஸ் போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, முனிராஜின் பழைய ஸ்குரூ டிரைவரோடு ஷெட்டுக்குப் போனாள். கிளிப்பை இறுக்கி, வண்டியை ஊருக்கு அனுப்பத் தயார் பண்ணிவிட வேண்டும்.

பானெட்டைத் தூக்கினாள். கிளிப் தளர்ந்து, டியூப் நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது.

அடப்பாவமே, நிஜமாகவே எலி இருக்கிறதா!

ஊன்றிக்கொள்ள அண்டா மூடியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வெளியே பனி கொட்டுகிறது. மூடி மட்டும் இட்லி வேகிற சூட்டில் இருந்தது. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டியூபை மாட்டி, கிளிப்பை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்க ஆரம்பித்தாள்.

"அய்யய்யோ! ஏம்மா அதை முறுக்கறீங்க?" பால் கேனோடு, முதுகைப் பிடித்துக்கொண்டு நாராயணம்மா வாசலில் நின்றாள். "அந்தத் தம்பி இப்பத்தானே கிளிப்பை லூசு பண்ணி வெச்சுட்டு பஸ் ஏறினாரு!"

"எந்தத் தம்பி?"

"உங்க கௌதமுதான். நாலு மணிக்கே எழுந்து, நீங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போயி, அங்கதாம்மா ஸ்டார்ட் பண்றாரு. எங்க ஊரு தாண்டி ராயக்கோட்டை ரோட்டுல ஒரு ரவுண்டு. காத்து மாதிரி போவுது! திரும்பி வர்றப்பவும் தெருமுனையிலயே ஆஃப் பண்ணிருவாரு, அங்கேர்ந்து மேடு. பின்னாடி தள்ளறது யாருங்கறீங்க? நானு! பாலு லேட்டு, பாலு லேட்டுன்னு என்னைத் திட்டறீங்களே!"

சரோஜம்மாளின் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது.

"வண்டி ஓடுதா?"

"ரெண்டு மாசமா ஓடுது."

சரோஜம்மாள் சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தாள். ஐந்தாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"ஓடற வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டு, கிளிப்பை ஏன் லூசு பண்ணி வெக்கறான்?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன்" என்றாள் நாராயணம்மா. "'பதினோரு மணிக்கு ஓனரம்மா வருவாங்க, டைட்டா இருந்தா மறுபடி கையக் கிழிச்சுக்குவாங்க'ன்னாரு."