படம் முன்னே, சத்தம் பின்னே

கம்ப்யூட்டர் படிக்கிற பையன் இருக்கும் வீட்டில் கம்ப்யூட்டர் ஒருநாளும் ஒழுங்காக ஓடாது. 2008 வாக்கில், பொறியியல் மூன்றாம் ஆண்டில், நான் லினக்ஸ் பைத்தியம் பிடித்து அலைந்தபோது எங்கள் இரணியல் வீட்டுக் கம்ப்யூட்டர் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம்.

அப்போதுதான் அக்காவுக்கு மஸ்கட் மாப்பிள்ளை அமைந்தார். அவர் வீட்டார் வந்து பார்த்து, பிடித்துப்போய்த் திரும்பினார்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவரும் கேமராவில் பார்த்துக்கொள்வது, பிடித்தால் கல்யாணம் என்று முடிவாயிற்று.

"லே மக்கா, முக்குல இருக்க நெட் சென்டருக்குப் போயிருவமா?" என்றார் அப்பா.

"எதுக்குப்பா? நான் இருக்கேன்லா" என்றேன். (அதன் பிறகு இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை.)

வீடியோவில் பேசும் மென்பொருளை மூலநிரலிலிருந்து நானே கம்பைல் செய்தேன். பாதி வழியில், த்ரெட் லைப்ரரியைக் காணோம் என்று திரை முழுக்கப் புலம்பியது. படத்தை ஒரு கையும் சத்தத்தை இன்னொரு கையும் ஒரே நேரத்தில் கவனிக்க உதவுவது அந்த லைப்ரரி. அது கம்ப்யூட்டருக்குள்ளேயேதான் இருந்தது. கட்டளையின் கடைசியில் அதன் பெயரைச் சேர்த்திருந்தால் போதும். (அப்போது தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரை ஏது?) சனி முழுக்க மல்லாடிவிட்டு, த்ரெட்டே வேண்டாம், ஒரு கையே போதும் என்று அமைப்பை மாற்றினேன். பிழையே இல்லை. சந்தோஷத்தில் வீட்டைச் சுற்றி ஓடினேன்.

ஞாயிறு. மாப்பிள்ளை திரையில் வந்தார், வாயசைத்தார். சத்தம் இல்லை. தனக்கும் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் கையை ஆட்டினார். எங்கள் ஆட்களுக்கு உடனே தைரியம் வந்துவிட்டது.

"ஏட்டி, மாப்பிள்ளைக்குத் தலையில ஒண்ணும் காணலியே" என்றார், அக்காவுக்குப் பின்னால் பருமனாக நின்ற சித்தி.

"சும்ம இரி. மஸ்கட் தண்ணி அப்படி" என்றார் அம்மா.

அக்கா குனிந்தபடியே, "முடி கெடக்கட்டும் சித்தி. அந்தச் சிரிப்பு கொள்ளாம்" என்றாள். (எங்கள் ஊரில் 'கொள்ளாம்' என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம்.)

நான் எங்கள் கேமராவின் வயரைப் பிடுங்கினேன். அனுப்பப் படம் இல்லாமல் கை ஒழிந்த மென்பொருள், அதுவரை தேக்கி வைத்திருந்த சத்தத்தை இரண்டு பக்கமும் அவிழ்த்துவிட்டது. திரையில், மாப்பிள்ளையின் கை மெல்லத் தலைக்குப் போனது. சித்தி நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார். சம்பந்தம் போயிற்று, அக்கா வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எங்கள் ஸ்பீக்கரும் வாய் திறந்தது. சற்றுமுன் மாப்பிள்ளை அறைத்தோழரிடம் சொன்னது: "பொண்ணு கொள்ளாம் மக்கா, எனக்குச் சம்மதம். பொறத்தால நிக்க குண்டு அம்மாவப் பாத்தாத்தான் பயமா இருக்கு."

முதலில் சிரித்தது சித்திதான். அதற்குள் அக்காவின் பேச்சும் மஸ்கட் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். அக்கா சொன்னது சரிதான்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் அத்தான் வந்தால் சித்தி வாயை மூடிக்கொண்டு நிற்பார். அத்தான் விடுவாரா? எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தைரியமாச் சொல்லுங்க சித்தி, எனக்கு இன்னும் சத்தம் வரல" என்பார்.