பிளக்கைப் பிடுங்கியும் நிற்காத பொம்மை

ஒரு பொருளை ஓட வைக்கத் தெரிந்தாலே இன்ஜினியர் ஆகிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். நிறுத்தவும் தெரிய வேண்டும் என்பதைக் கடலூரில், பட்டப்பகலில், ஒரு ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கற்றுக்கொண்டேன்.

2012. கரண்ட் இருப்பதே அதிசயமாக இருந்த காலம். என் மாமா (அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன்) கடை முகப்பில், பட்டுப்புடவை கட்டிய பொம்மை ஒன்று சின்ன மோட்டார் வைத்த மேடையில் மெதுவாகச் சுற்றும். மாமாவுக்கு அதில் ஒரே ஒரு குறை.

"கரண்ட் போனா ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னுடுது மாப்ள. ரெண்டு மணி நேரம் போறவன் வர்றவன்லாம் முதுகையே பாக்குறான். எவன் உள்ள வருவான்?"

நான் அப்போது சிதம்பரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருடம். மாமா மகள் கலைச்செல்வியை எனக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கலை என்றால் உயிர். மாமாதான் "பையன் உருப்படுறானான்னு பாப்போம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பொம்மையை வைத்தே உருப்பட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

"ஒரு பேட்டரியப் போட்டுட்டுப் போயேன்" என்றார்.

"பேட்டரில்லாம் பழைய காலம் மாமா. இது சூப்பர் கெப்பாசிட்டர்."

"ஃபேன்ல இருக்குமே, அந்தக் கண்டென்சரா?"

"அதுக்கு அண்ணன். பட்டுனு சார்ஜ் ஏறும், வருசக்கணக்கா உழைக்கும். கரண்ட் போனாலும் பொம்மை கொஞ்ச நேரம் சுத்தும். மூஞ்சி ரோட்டப் பாக்குறப்ப சுவிட்ச்ச அமுக்குனா நின்னுடும்."

ஒரு சுற்றுக்கான சக்தி போதும். நான் (ஜாஸ்தியாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று) ஆறேழு சுற்றுக்கு வாங்கினேன். ஹாஸ்டலில் மோட்டாரை ஓட்டிப் பிளக்கைப் பிடுங்கினேன். அது ஓடிக்கொண்டே இருந்தது. அறை நண்பர்கள் கைதட்டினார்கள். சுவிட்சை மட்டும் ஒருவரும் அமுக்கிப் பார்க்கவில்லை.

கடையில் மாட்டிய அன்று பண்ருட்டியிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருந்தார்கள். வழக்கம்போலக் கரண்ட் போனது. பொம்மை சுற்றியது. மாமா பெருமையாக என் தோளைத் தட்டினார். பெண்ணின் அம்மா, "அந்தப் பொம்ம கட்டியிருக்கறதயே பாக்கலாம், நிறுத்தச் சொல்லுங்க" என்றார்.

சுவிட்சை அமுக்கினேன். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன். அது பாட்டுக்குச் சுற்றியது.

"என்னாடா இது? பிளக்கு உன் கையில இருக்கு, அது அங்க சுத்துது!" என்றார் மாமா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்க வேண்டிய சுவிட்சைப் பிளக்குக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் வைத்திருந்தேன். அதை எத்தனை முறை அமுக்கினாலும் மோட்டாருக்குத் தெரியப்போவதில்லை.

மாமா விற்பனையாள் செல்வத்திடம், "முந்தானையப் புடிடா!" என்று கத்தினார். செல்வம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பொம்மை சுற்றச் சுற்ற ஊசிகள் தெறித்தன, புடவை முழுவதும் செல்வத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. ஷேர் ஆட்டோக்கள் நின்று வேடிக்கை பார்த்தன. ஜாக்கெட்டோடு நின்ற பொம்மையின் மானத்தைக் காக்க வேறு வழி தெரியாமல், மேடையில் ஏறிப் பின்னாலிருந்து அதைக் கட்டிப்பிடித்தேன்.

என் எடைக்கு வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இருவருமாகச் சுற்றினோம். ஒரு பக்கம் பண்ருட்டிக்காரர்கள், மறுபக்கம் ரோடு. ரோட்டில், மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு கலை.

கடைசியில் சார்ஜ் தீர்ந்தது. நான் வாக்குக் கொடுத்தபடியே முகம் ரோட்டைப் பார்த்துத்தான் நின்றது. பொம்மையின் முகம் மட்டுமல்ல, என் முகமும்.

கலை உள்ளே வந்து, "அத உட்டுட்டு எறங்குங்க மாமா" என்றாள். (அவளுக்கு நான் மாமா முறை.) செத்துப்போகலாம் போலிருந்தது.

மாமா மோட்டாரையே கழற்றிப் போட்டார். பொம்மை இன்றுவரை அசையாமல் ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறது. (இந்த யோசனை எங்கள் இருவருக்குமே முன்பு தோன்றவில்லை.) மாமா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. கலைதான் அவரிடம் சொன்னாளாம்: "பொம்மைக்கு மானம் போவுதுன்னு ஓடிப்போய் மறைச்சாரேப்பா. எனக்கு அது போதும்."

அந்த ஒரு பேச்சில்தான் என் கல்யாணம் நடந்தது. அதற்கு நான் கொடுக்கும் விலையும் உண்டு. விருந்துக்கு வந்தவர்களிடம் நான் ஏதாவது விளக்க ஆரம்பித்து நிறுத்தாமல் போனால், கலை அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"பிளக்கப் புடுங்கியாச்சுங்க. சார்ஜ் எறங்குனா அவரே நிப்பாரு, நீங்க சாப்புடுங்க."