பல்புக்குக் கீழே ஒரு சட்டி

புழுவிடம் கோபப்படுவதைப் போல வெட்டி வேலை வேறில்லை. எவ்வளவு கத்தினாலும் அதற்குக் காது கிடையாது. போன வருஷம் எங்கள் வெங்காயக் காட்டில் நின்று தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுத்தான் சொல்கிறேன். கோபம் இன்னும் தீரவில்லை.

நான் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். கேட்டில் நின்று தீப்பெட்டி, பீடி, செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடுவேன். (முதலாளியின் மைத்துனரையே தடவிப் பார்த்தவன் நான்.) என் மனைவி செல்வி அங்கே பாக்கிங்கில் இருந்தாள். அதை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயம் போட்டாள். "இது தேறிட்டா அந்தக் கேட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லியும்விட்டாள்.

கோடை மழை பெய்ததும் வண்டுகள் கிளம்பின. அவை மண்ணில் முட்டையிடும்; அதிலிருந்து வரும் வெள்ளைப்புழு வேரைத் தின்னும். செல்வி விவசாய ஆபீசில் கேட்டுவந்து, வரப்பில் ஒரு பல்பைத் தொங்கவிட்டாள். அதன் கீழே சட்டியில் தண்ணீரும் கொஞ்சம் மண்ணெண்ணெயும். வெளிச்சத்துக்கு வரும் வண்டு அதில் விழுந்து சாகும். "பொழுது சாய பல்பைப் போடுங்க, அம்புட்டுத்தான்" என்றவள், தங்கச்சி பிரசவத்துக்குச் சாத்தூர் போய்விட்டாள்.

சட்டியை மோந்து பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. விளக்குக்குக் கீழே மண்ணெண்ணெயா! அதுவும் போர்மேன் காட்டிலா! தூக்கிக் கவிழ்த்தேன். சட்டி இல்லாத குறை தெரியாமலிருக்க, கல்யாண வீட்டு போகஸ் லைட் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாட்டினேன்.

வந்தன ஐயா, குடும்பம் குடும்பமாக. லைட்டைச் சுற்றி ஆடிவிட்டு என் பாத்தியிலேயே இறங்கின. சூட்டில் செத்து விழுகின்றன என்று நினைத்து நான் இடுப்பில் கைவைத்து ரசித்தேன்.

பக்கத்துக் காட்டுக் கருப்பசாமி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், எங்காட்டுல ஒரு வண்டு இல்ல. அம்புட்டையும் நீங்களே அழைச்சுக்கிட்டீக. நல்லா இருக்கணும்!"

நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

இரண்டு மாசம் கழித்துச் செல்வி திரும்பியபோது பயிர் மஞ்சளடித்துச் சாய்ந்திருந்தது. ஒரு வெங்காயத் தாளைப் பிடித்து இழுத்தாள். வேரே இல்லாமல் கையோடு வந்தது. குழிக்குள் கொழுகொழுவென்று சுருண்டு கிடந்தது புழு. அதைப் பார்த்துத்தான் கத்தினேன். புழுவை, பல்பை, ஆபீசரை, கருப்பசாமியை, என்னைத் தவிர எல்லோரையும்.

நான் ஓயும்வரை காத்திருந்து செல்வி கேட்டாள்: "சட்டி எங்க?"

"மண்ணெண்ணெய்ல தீப்பிடிச்சா..."

"எல்.இ.டி. பல்புல ஏதுங்க தீ? பயமா இருந்தா சோப்புத் தண்ணி ஊத்த வேண்டியதுதான? ஊர் வண்டுக்கெல்லாம் பந்தல் போட்டுக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீக!"

பாதிக் காடு போயிற்று. தீபாவளி சீசனுக்கு அவள் மறுபடி பாக்கிங்குக்கு வந்தாள். முதல் நாள் கேட்டில், அவள் முகத்தைப் பார்க்காமல், "பையைக் காட்டு" என்றேன்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க," என்று விரித்தாள். "சட்டி ஏதும் கொண்டுவரல."

வரிசை மொத்தமும் சிரித்தது.

இந்த வருஷம் செல்வி வரவில்லை. சட்டியை அவளே வைத்தாள். வெங்காயம் பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஆனால் பாக்கிங் பெண்கள் ஒவ்வொருத்தியும் தினமும் பையை விரித்து, "சட்டி இல்ல போர்மேன்" என்றுதான் உள்ளே போகிறார்கள். வருகிற கோபத்துக்கு, பிடுங்கி வைத்த தீப்பெட்டிகளை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.